முத்துக்கடலும் மூழ்குவோர் உடல்வெப்பமும்

கொற்கை முத்தின் பெருமையைப் பேசாத தமிழக வரலாற்று நூலைக் காண்பது அரிது. சங்கப் புலவர் அதனைப் பாடினர். பாண்டிய மன்னர் அதனை அணிந்தனர். யவன வணிகர் பொன்னைக் கொடுத்து அதனை வாங்கிச் சென்றனர். ஆயினும் அம்முத்தைக் கடலின் அடியிலிருந்து எடுத்து வந்த மனிதனின் உடம்பைப் பற்றிப் பேசிய நூல்கள் மிகச் சிலவே. அவன் எத்தனை பாகம் இறங்கினான், எவ்வளவு நேரம் மூச்சை அடக்கினான் என்பனவற்றையேனும் அயல்நாட்டார் சிலர் எழுதி வைத்தனர். அவனுக்குக் குளிர்ந்ததா என்று கேட்டவர் அரியர்.

இம்மலரைக் கையில் ஏந்தும் அன்பர்களுள் நெல்லை, தூத்துக்குடி, இராமநாதபுரம் ஆகிய மாவட்டங்களிலிருந்து வந்து மும்பையில் நிலைத்த குடும்பத்தினர் பலர். முத்துக் கடலின் கரையை விட்டு வந்து, மேலைக் கடலின் கரையில் வாழ்கிறோம். வடாலாவின் கிழக்கே உப்பளங்களையும் அவற்றிற்கு அப்பால் துறைமுகக் கடலையும் நாள்தோறும் காண்கிறோம். அவ்விரு கடல்களிலும் ஆழத்தில் இறங்கி உழைத்த மனிதன் தன் உடல்வெப்பத்தை எவ்வாறு காத்துக்கொண்டான் என்பதை இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறோம். இடையே கொரியாவுக்கும் அமெரிக்காவுக்கும் வடகடலுக்கும் செல்ல நேரும். அங்கெல்லாம் கண்டறிந்தவையே நம் முன்னோரின் தொழில்முறையை நமக்கு விளக்கிக் காட்டுகின்றன.

வெப்பக் கடலிலும் குளிர் உண்டு

"நம் கடலில் குளிர் ஏது?" என்று சிலர் வினவக்கூடும். மன்னார் வளைகுடாவின் நீர் ஆண்டின் பெரும்பகுதியில் 25 முதல் 30 பாகை வரை வெப்பமுடையது. அத்தகைய வெப்பமுடைய காற்றில் நாம் மெல்லிய ஆடையுடன் இன்பமாக இருக்கின்றோம். ஆனால் நீர் காற்றைப் போன்றதன்று. காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக நீர் வெப்பத்தைக் கடத்தும் இயல்புடையது. மனித உடம்பின் உள்வெப்பம் 37 பாகை. ஆடையின்றி நீரில் அசையாது இருப்பவன் வெப்பம் இழக்காதிருக்க வேண்டுமாயின் அந்நீர் 33 முதல் 35 பாகை வரை இருத்தல் வேண்டும். அதற்குக் குறைந்த நீர் எதுவாயினும் அது நம் உடம்பின் நெருப்பைச் சிறிது சிறிதாகத் தின்றுகொண்டே இருக்கும்.

முதலில் விரல்கள் மரக்கும். தோலுக்கும் கைகால்களுக்கும் செல்லும் இரத்தத்தை உடம்பு குறைத்துக்கொண்டு, நெஞ்சையும் மூளையையும் காக்க முயலும். பின்னர் நடுக்கம் தோன்றும். நடுக்கம் என்பது தசைகள் தாமே உழைத்து வெப்பம் உண்டாக்கும் முயற்சியே ஆகும். உள்வெப்பம் 35 பாகைக்குக் கீழே இறங்கின் அதனை மருத்துவர் நோய்நிலை என்றே கொள்வர். அறிவு தடுமாறும், கை பிடித்த கயிற்றை விடும். நிலத்தில் சிறிய தவறாக முடிவது நீருக்கடியில் உயிரையே வாங்கிவிடும்.

முத்துத் துறைகளில் கதிரவன் தந்த காப்பு

கொற்கைத் துறையைப் பற்றிக் கி.பி. முதல் நூற்றாண்டில் எழுந்த 'எரித்திரேயக் கடலின் பெரிபுளூசு' என்னும் கிரேக்க நூல் குறிப்பிடுகின்றது. அங்கே முத்துக்குளிக்கும் தொழிலில் தண்டனை பெற்ற குற்றவாளிகளை ஈடுபடுத்தினர் என்று அந்நூல் கூறுகின்றது. தண்டனையாகக் கருதத்தக்க அளவிற்குத் துன்பம் நிறைந்த தொழில் அது என்பது இதனால் விளங்கும். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ, ஏப்பிரல் தொடங்கி மே மாதத்தின் நடுப்பகுதி வரை முத்துக்குளிப்பு நடைபெற்றதை எழுதியுள்ளார். 1658இல் தூத்துக்குடி போர்த்துகீசியர் கையிலிருந்து ஒல்லாந்தர் கைக்கு மாறிற்று. பின்னர் ஆங்கிலேயர் வந்தனர். ஆண்டோர் மாறினரேயன்றி, பரதவரும் கீழக்கரை முதலிய ஊர்களின் முசுலிம் பெருமக்களும் மூழ்கி எடுக்கும் முறை பெரிதும் மாறவில்லை.

இராபர்ட் பெர்சிவல் என்னும் ஆங்கிலப் படை அலுவலர், இலங்கையின் முத்துக்குளிப்பை நேரிற் கண்டு 1803இல் வெளியிட்ட நூலில் விரிவாக எழுதினார். படகுகள் இரவில் நிலக்காற்றில் புறப்பட்டு, விடியுமுன் முத்துப் பாரை அடையும். கதிரவன் எழுந்தபின் மூழ்குதல் தொடங்கும். நண்பகலில் கடற்காற்று எழுந்ததும் கரை திரும்பும். ஒவ்வொரு படகிலும் பதின்மர் மூழ்குவோர், கற்கள் ஐந்தே. ஐவர் இறங்கும்போது ஐவர் படகில் இளைப்பாறுவர். மூழ்குவோருட் பலர் உடம்பில் எண்ணெய் பூசிக்கொண்டனர் என்றும், ஒருவர் ஒரு நாளில் 40 முதல் 50 முறை வரை இறங்கினர் என்றும் பெர்சிவல் குறிப்பிடுகின்றார். மேலே வந்தபோது சிலர்க்கு வாயிலும் மூக்கிலும் காதிலும் குருதி வடிந்ததையும் அவர் மறைக்கவில்லை.

இம்முறையை வெப்பத்தின் கண்கொண்டு நோக்குவோம். பங்குனி, சித்திரை மாதங்களில் கடல் அமைதியாகவும் தெளிவாகவும் இருக்கும் என்பதே பருவத் தேர்வுக்குச் சொல்லப்படும் காரணம். அதே மாதங்களில் நீரின் வெம்மையும் மிகுந்து வருகின்றது. வானில் கதிரவன் கடுமையாகக் காய்கின்றான். ஒருவன் இறங்க, மற்றவன் படகின் மேல்தட்டில் வெயிலில் அமர்ந்திருந்தான். ஒரு கல்லுக்கு இருவர் என்னும் ஏற்பாடு கல்லைச் சிக்கனப்படுத்துவது போலத் தோன்றினும், உண்மையில் அது இருவரின் மேனியையும் மாறி மாறி வெயிலிற் காய்ச்சும் ஏற்பாடாகவும் அமைந்தது. ஒரு முறை மூழ்குவது ஒன்று அல்லது ஒன்றரை நிமிடமே. இழந்த வெப்பத்தை அடுத்த முறைக்குள் கதிரவன் ஓரளவு திருப்பித் தந்தான். நண்பகலோடு தொழில் நின்றது. கடற்காற்றில் ஈர உடம்புடன் அமர்ந்திருப்பது எத்தகையது என்பதை அவர்கட்கு எவரும் சொல்ல வேண்டியதில்லை.

எண்ணெயின் பயன் எவ்வளவு? மெல்லிய எண்ணெய்ப் பூச்சு உப்புநீரிலிருந்து தோலைக் காக்கும். வெப்பத்தைக் காக்கும் ஆற்றல் அதற்கு மிகக் குறைவே. ஆகவே முத்துக்குளிப்போனின் மெய்யான போர்வை வெயிலும் ஓய்வுமே என்பது நம் துணிபு. கயிற்றை மைத்துனன் கையிலேதான் கொடுப்பர் என்பது கடற்கரையில் வழங்கும் பேச்சு. உடன்பிறந்தாளின் தாலியை எண்ணி அவன் விழிப்பாக இருப்பான் என்பது அதன் கருத்து. கீழே உள்ளவனின் கை மரத்துக் கயிறு தளரும்போது, அதனை மேலிருந்து உணர வேண்டியவன் அவனே அன்றோ!

இனி, கணக்கையும் நோக்குவோம். எடுத்த சிப்பிகளை மூன்று குவியலாகப் பிரித்து, இரண்டை அரசு கொண்டது. ஒன்றே மூழ்கியவர்க்குக் கிடைத்தது. 1905ஆம் ஆண்டு இலங்கைக் குளிப்பில் மட்டும் அரசுக்குக் கிடைத்த வருவாய் 25 இலட்சம் ரூபாய்க்கு மேற்பட்டது. அவ்வளவு செல்வம் ஈட்டிய தொழிலில் மூழ்குவோனின் உடல்வெப்பத்திற்காக அரசு செலவிட்டது யாதும் இல்லை. வெயில் இலவசம், உடம்பு அவனுடையது.

கொரிய மகளிரும் குளிர்காலக் கடலும்

வெயில் துணைக்கு வாராத கடலில் என் செய்வது? அதற்கு விடை கூறுவோர் கொரிய, சப்பானிய மூழ்கு மகளிர். கொரியாவின் செசு தீவில் 'ஏன்யோ' என்று அழைக்கப்படும் மகளிர், கடற்பாசியும் சிப்பியும் எடுப்பதற்குக் குளிர்காலத்திலும் மூழ்கினர். நீரின் வெப்பம் 10 பாகை அளவிற்கு இறங்கும் காலத்திலும் அவர்கள் அணிந்திருந்தது மெல்லிய பருத்தி ஆடையே. கரையில் கல்லால் வட்டமாகச் சுவர் எழுப்பி, நடுவே தீ மூட்டி, அதனைச் சுற்றி அமர்ந்து உடம்பைக் காய்ச்சிய பின் மீண்டும் கடலில் இறங்கினர். அவ்விடத்திற்குப் 'புல்தொக்' என்று பெயர்.

சுக் கி ஓங் முதலிய உடலியல் அறிஞர் 1960களில் அம்மகளிரை ஆராய்ந்து வியக்கத்தக்க உண்மைகளைக் கண்டனர். குளிர்காலத்தில் அவர்தம் உடம்பு ஓய்விலிருக்கும்போதும் வழக்கத்தைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மிகுதியாக வெப்பம் உண்டாக்கிற்று. நடுக்கம் தொடங்கும் எல்லையும் மற்றவரினும் தாழ்ந்திருந்தது. தொழில் அவர்தம் உடம்பையே மாற்றி அமைத்திருந்தது. 1970களில் அவர்கள் ரப்பர் உடையை மேற்கொண்டனர். சில ஆண்டுகளுக்குப் பின் ஆராய்ந்தபோது உடம்பின் அத்தனி ஆற்றல் மறைந்து போயிருந்தது. உடை வந்ததும் உடம்பு தன் சுமையை இறக்கி வைத்தது.

கம்பளியிலிருந்து மின்சாரத்திற்கு

ஐரோப்பியர் வேறொரு வழியிற் சென்றனர். 1830களில் இலண்டனில் அகசுதசு சீபே என்பார் செம்புத் தலைக்கவசத்துடன் கூடிய, நீர் புகாத மூழ்கு உடையைச் செய்தளித்தார். மேலிருந்து குழாய் வழியே காற்று வந்தது. அவ்வுடையினுள்ளே மூழ்குநர் கம்பளிச் சட்டைகளையும் கம்பளிக் காலுறைகளையும் தலையில் கம்பளிக் குல்லாயையும் அணிந்தனர். கம்பளியிழைகளுக்கிடையே நிற்கும் காற்றே வெப்பத்தைக் காத்தது. சிறிது நனைந்தாலும் கம்பளி அத்தன்மையை முற்றும் இழப்பதில்லை. உடம்பு உண்டாக்கிய வெப்பம் வெளியேறாமல் தடுக்க உள்ளாடையால் இயன்றது. புதிதாக வெப்பம் தர அதனால் இயலவில்லை.

இந்நிலையை மாற்றியது ஹீலியம் என்னும் வாயு. ஆழத்தில் சாதாரணக் காற்றைச் சுவாசித்தால் அதிலுள்ள நைட்ரசன் மதுவைப் போல மயக்கம் தரும். அதனை நீக்க, 1930களின் பிற்பகுதியில் அமெரிக்கக் கடற்படையினர் ஹீலியத்தையும் ஆக்சிசனையும் கலந்து பயன்படுத்தினர். 1939 மே 23ஆம் நாள் 'சுகுவாலசு' என்னும் நீர்மூழ்கிக் கப்பல் நியூ ஆம்ப்சயர் கடற்கரைக்கு அப்பால் 240 அடி ஆழத்தில் மூழ்கியது. 33 பேர் உயிருடன் மீட்கப்பட்டனர். பின்னர் அக்கப்பலைத் தூக்கும் பணியில் ஹீலியக் கலவை பெரிய அளவில் முதன்முறையாகப் பயன்பட்டது. மயக்கம் நீங்கிற்று, ஆனால் குளிர் பெருகிற்று. ஹீலியம் காற்றைவிட ஏறத்தாழ ஆறு மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தும். உடையினுள் நிறைந்த ஹீலியத்தின் முன் கம்பளி பயனற்றுப் போயிற்று. ஆகவே கடற்படையின் ஹீலிய மூழ்குதலுக்குரிய கருவிகளோடு மின்சாரத்தால் சூடேறும் உள்ளாடையும் சேர்க்கப்பட்டது. மேலேயுள்ள கப்பலிலிருந்து கம்பி வழியே இறங்கிய மின்சாரம், துணியினுள் தைத்த மெல்லிய கம்பிகளைச் சூடாக்கிற்று. மூழ்குவோனின் உடம்பிற்கு வெளியிலிருந்து, நீருக்கடியிலேயே வெப்பம் ஊட்டும் காலம் இவ்வாறு தோன்றிற்று.

காற்றுக்குடுவையைத் தோளில் சுமந்து, கப்பலின் குழாயை விட்டு விடுதலை பெற்ற மூழ்குநர்க்கு இவ்வசதி உடனே கிட்டவில்லை. 1952இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகப் பௌதிக அறிஞர் இயூ பிராட்னர், நுண்ணிய வாயுக்குமிழ்கள் நிறைந்த செயற்கை ரப்பரால் உடை செய்யும் கருத்தை உருவாக்கினார். அவ்வுடையினுள் நீர் சிறிது புகும்; ஆயினும் குமிழ்கள் வெப்பத்தைத் தடுக்கும். ஆழம் செல்லச் செல்ல அழுத்தத்தால் குமிழ்கள் நசுங்கி, உடை மெலிந்து, காக்கும் ஆற்றலும் குறைந்துவிடும். குளிர்நீரில் நெடுநேரம் மூழ்குவோர் அதனால் நீர் புகாத உடையையும் அதனுள்ளே தடித்த உள்ளாடையையும் நாடினர்.

இந்நாளில் மின்கலத்தால் சூடேறும் உள்ளங்கிகள் அங்காடியில் கிடைக்கின்றன. தோலின் மேல் மெல்லிய ஆடை, அதன்மேல் சூடேறும் அங்கி, அதன்மேல் தடித்த உள்ளாடை, எல்லாவற்றிற்கும் வெளியே நீர்புகா உடை என்பது அணியும் முறை. இதில் இரண்டு எச்சரிக்கைகளை அறிந்தோர் வற்புறுத்துவர். ஒன்று, சூட்டை நம்பித் துணியைக் குறைத்தல் கூடாது. மின்கலம் இடையில் நின்றுவிடினும் நடுங்காது மேலே வரத்தக்க உடையே வேண்டும். மற்றொன்று, மரத்துப்போன தோல் சூட்டை உணராது. கம்பி பழுதுபட்டால் புண்பட்ட பின்னரே தெரியவரும்.

மூன்றாவதாக ஒன்றுண்டு. 2007இல் அமெரிக்கக் கடற்படையின் மூழ்குதல் ஆய்வு நிலையத்தார் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஆழத்தில் இருக்கும்போது உடம்பை வெப்பமாக வைத்து, மேலேறும்போது குளிரவிட்டால், இரத்தத்தில் குமிழ் உண்டாகி வரும் அழுத்தநோய் பெருகிற்று. கீழே குளிர்ச்சியாகவும் மேலேறும்போது வெப்பமாகவும் வைத்தால் அந்நோய் பெரிதும் குறைந்தது. குளிர்ந்த உடம்பு கீழே வாயுவைக் குறைவாக உட்கொள்ளும். வெப்பமுற்ற உடம்பு மேலே அதனை விரைவில் வெளியேற்றும். அவ்வாய்வில் 'வெப்பநீர்' என்றது 36 பாகை. 'குளிர்நீர்' என்றது 27 பாகை! நம் முத்துக்கடலின் வெம்மையே அறிவியலார் ஆய்வில் குளிர் என்று பெயர் பெற்றது. "நம் கடலில் குளிர் ஏது?" என்ற வினாவிற்கு இதனினும் தெளிந்த விடை வேண்டுவதில்லை.

மும்பைக் கடலில்

இனி நம் மேலைக் கடலுக்கு வருவோம். 1974ஆம் ஆண்டு மும்பைக்கு மேற்கே, கரையிலிருந்து 160 கிலோமீட்டருக்கு அப்பால், பாம்பே ஐ என்னும் எண்ணெய் வயல் கண்டுபிடிக்கப்பட்டது. 1976இல் எண்ணெய் எடுக்கத் தொடங்கினர். அதனோடு ஆழ்கடல் மூழ்குநரின் தொழிலும் இம்மாநகரைச் சார்ந்து வளர்ந்தது. கடலடிக் குழாய்களைப் பொருத்தவும் பழுது பார்க்கவும் மனிதர் இறங்க வேண்டியிருந்தது. ஏறத்தாழ 75 மீட்டர் ஆழத்தில் நாள்தோறும் உழைப்போர், வேலை முடியும் வரை கப்பலிலுள்ள அழுத்த அறைகளிலேயே ஹீலியக் கலவையைச் சுவாசித்துப் பல நாள் வாழ்வர். அவ்வறையை 30 பாகை அளவிற்கு வெப்பமாக வைத்தல் வேண்டும். சிறிது குறைந்தாலும் நடுக்கம் காணும். வெளியே மும்பை வெயில் கொளுத்தும். உள்ளே இருப்போனுக்கோ சூடேற்றி வைக்க வேண்டும்.

இத்தொழிலில் மின்சூட்டு உள்ளாடையினும் மிகுதியாகப் பரவியது வெந்நீர் உடை. வடகடலின் எண்ணெய்த் தொழில் 1970களில் இதனைப் பெருவழக்காக்கிற்று. கப்பலில் சூடாக்கிய நீர் குழாய் வழியே இறங்கி, உடையினுள் மார்பிலும் முதுகிலும் கைகால்களிலும் பாய்ந்து, பின் கடலில் கலந்துவிடும். 150 மீட்டருக்கு மேற்பட்ட ஆழத்தில் சுவாசிக்கும் வாயுவையும் சூடாக்குதல் வேண்டும். இல்லையேல் தோலைக் காத்தும் பயனின்றி, ஒவ்வொரு மூச்சிலும் வெப்பம் வெளியேறும்.

மூச்சும் வெப்பமும் ஒரே கொடிக்கயிற்றில் வருவதால் ஆபத்தும் ஒன்றாகவே வருகின்றது. 2012 செப்டம்பரில் வடகடலில் கிறிசு லெமன்சு என்னும் மூழ்குநரின் கொடிக்கயிறு அறுந்தது. காற்றும் வெளிச்சமும் வெந்நீரும் ஒருங்கே நின்றன. முதுகிலிருந்த குடுவை சில நிமிடங்களுக்கே போதுமாயிருந்தது. அரைமணி நேரத்திற்கு மேல் கழித்து மீட்கப்பட்ட அவர் உயிர் பிழைத்தது பெருவியப்பே. மும்பைக் கடலில் 2005 சூலை 27ஆம் நாள், 'சமுத்திர சுரக்சா' என்னும் துணைக்கப்பல் எண்ணெய் மேடையின் குழாயில் மோதியதால் பெருந்தீ மூண்டது. 22 பேர் மாண்டனர். கப்பலை மற்றவர் கைவிட்ட பின்னும், அதன் அழுத்த அறைகளில் இருந்த 6 மூழ்குநர் உடனே வெளியேற இயலவில்லை. 36 மணி நேரத்திற்குப் பின்னரே மீட்கப்பட்டனர். முத்துக்குளிப்போன் மைத்துனனின் கையை நம்பியிருந்தான். இவர்கள் ஒரு கப்பலையே நம்பியிருந்தனர்.

வெப்பத்தின் விலை

இவ்வரலாற்றைத் தொகுத்து நோக்கும்போது ஓர் உண்மை புலனாகின்றது. மூழ்குவோன் தனக்காகவோ தன் குடும்பத்திற்காகவோ உழைத்த இடங்களில், வெப்பம் கதிரவனிடமிருந்தும் ஊரார் மூட்டிய தீயிலிருந்தும் வந்தது. அரசன் ஆணைக்காக மூழ்கிய இடத்திலும் அவன் உடம்பே விறகாக எரிந்தது. மின்சூட்டு உள்ளாடையும் வெந்நீர் உடையும் வந்தது எப்போது? கடற்படைக்கும் எண்ணெய் நிறுவனங்களுக்கும் நெடுநேரம் கீழே உழைக்கும் கைகள் தேவைப்பட்டபோதுதான். விரல் மரத்தால் வேலை கெடும் என்று கண்ட பின்னரே, வெப்பம் தொழிற்கருவிகளுள் ஒன்றாயிற்று. அறிவு முன்னரே இல்லாமலில்லை. செலவிட மனம் இல்லாதிருந்தது.

தூத்துக்குடியில் 1955 முதல் 1961 வரை தொடர்ந்து நடைபெற்றதே அங்கு நிகழ்ந்த கடைசி முத்துக்குளிப்பு வரிசை. 1973இல் தூத்துக்குடியில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் வளர்ப்பு முத்தை உருவாக்கி வெற்றி கண்டனர். ஆனால் மூழ்கும் தொழில் அங்கே முடிந்துவிடவில்லை. சங்கு குளிப்போர் உளர். பாம்பன் தீவைச் சுற்றிக் கடற்பாசி எடுக்கும் மகளிர் உளர். அம்மகளிர் சேலையின் மேல் சட்டை அணிந்து, விரல்களில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, பாதத்தில் தகட்டைக் கட்டிக்கொண்டு, பல மணி நேரம் நீரில் மூழ்கி எழுகின்றனர். அவர்கள் எடுக்கும் பாசி, ஐஸ்கிரீம் முதலிய உணவுப்பொருள்களைக் கெட்டிப்படுத்தும் சரக்காக மாறி நகர்களுக்கு வருகின்றது. நம் குழந்தைகள் சுவைக்கும் குளிர்ச்சியின் பின்னே அம்மகளிர் மேனியில் ஏறிய குளிர் நிற்கின்றது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

அவர்கட்கு மின்சூட்டு உள்ளாடை வேண்டும் என்று நாம் கூறவில்லை. அக்கடலுக்கு ஒரு மெல்லிய ரப்பர் உடையும், கரையில் காற்றுப் படாத ஓர் ஒதுக்கிடமும், நனைந்த உடையை மாற்றிக்கொள்ள ஓர் அறையும், சூடாக அருந்த ஏதேனும் ஒன்றும் இருப்பின் போதும். கொரிய ஊரார் கல்லடுக்கித் தீ மூட்டினர். அதனினும் குறைந்த செலவில் நம் கடற்கரைகளில் இவற்றை அமைக்க இயலும். ஊர் நினைவு குன்றாத மும்பைத் தமிழர், ஊருக்குக் கோயிலும் பள்ளியும் கட்ட உதவியதுண்டு. கடற்கரையில் இத்தகைய ஓர் ஒதுக்கிடம் எழுப்புவதும் அவற்றோடு ஒப்ப வைத்து எண்ணத்தக்க பணியே.

முத்தின் ஒளியைப் பாடிய நாடு நம் நாடு. அம்முத்திற்காகத் தம் உடம்பின் வெம்மையைக் கடலுக்குக் கொடுத்தவர்கள் நம்மவர்கள். அவர்தம் வழித்தோன்றல்கள் இன்றும் அக்கடலில் நடுங்கி நிற்பின், முத்தின் பெருமை பேசுவதில் நமக்கு என்ன பெருமை?